வீட்டு இறுவட்டுகளும் படியெடுப்பும்

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்துள்ள பாலையூற்று என்னும் ஊரின் பெயரிலே ஒரு மரமும் ஒரு நீர்நிலையும் ஒருங்கே அமைந்திருக்கின்றன. லூர்து அன்னை ஆலயம் அவ்வூருக்கு ஓர் அடையாளம். அங்கும் அயலூர்களிலும் எவ்வீட்டினுட் சென்றாலும், கூடத்து அலுமாரியின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், மணமக்களின் படம் ஒட்டிய மெல்லிய பெட்டிகள் சில அடுக்கி வைக்கப்பட்டிருத்தலைக் காணலாம். அவை வீட்டு இறுவட்டுகள். ஒன்றில் மூத்த மகளின் திருமணம். ஒன்றில் இளையவனின் முதல் நன்மை விழா. வேறொன்றில் ஒரு முதியவரின் அறுபதாம் கலியாணம். ஆண்டுக்கு ஒரு முறைகூட அவற்றை எடுத்துப் பார்ப்போர் அரியர். ஆயினும் வீடு மாறும்போது நகைப் பெட்டிக்கு அடுத்தபடியாகத் தூக்கப்படுபவை அவையே.

அத்தகைய வீடொன்றில் ஒரு தாயார் இருப்பதாக எண்ணிப் பார்க்கலாம். அவருடைய கணவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. நிழற்படங்கள் இரண்டு மூன்று உள. குரல் இருப்பது ஓரிடத்தில் மட்டுமே. மகளின் திருமணத்தன்று, வந்தாரை வரவேற்று அவர் பேசிய நாலைந்து வார்த்தைகள் அந்த இறுவட்டின் முப்பத்தேழாம் நிமிடத்தில் வருகின்றன. அண்மைக் காலமாக அவ்விடம் வரும்போது படம் திணறுகிறது. உருவம் சிறு சிறு சதுரங்களாக உடைகிறது. பின்னர் ஒரு தாவலில் அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறது. விடுமுறைக்கு வந்த மகன், இறுவட்டைத் தன்னுடன் கொண்டுபோய்த் திருத்தித் தருவதாகச் சொல்கிறான். "வேண்டாம் தம்பி, அப்பாட குரல் அதுக்குள்ளதான் இருக்கு. வழியில உடைஞ்சா என்ன செய்யிறது?" என்கிறார் தாயார். அவர் அஞ்சுவதிலும் நியாயம் உண்டு. மகன் விரைவதிலும் நியாயம் உண்டு. இருவருக்கும் விடை ஒன்றுதான்: வட்டு வீட்டை விட்டுப் போகவேண்டுவதில்லை, படியெடுக்கப்பட வேண்டும்.

படியெடுத்தல் தமிழர்க்குப் புதிய தொழில் அன்று. பனையோலைக்கு ஆயுள் உண்டு. பூச்சியும் ஈரமும் தீயும் அதனைக் குறைக்கும். ஆகையால் ஏடு நைந்துபோகுமுன் புதிய ஓலையில் எழுதிக்கொள்வது மரபாயிருந்தது. சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையையும், உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியையும் 1887ஆம் ஆண்டில் அச்சேற்றினர் என்றால், அவை அந்நாள்வரை உயிர்த்திருந்ததற்குக் காரணம் பெயரறியாத ஏடெழுதுவோர் பலரின் கைகளே. திருகோணமலைக்கும் இதில் ஓர் உறவு உண்டு. 1895இல் வெளிவந்த 'மோகனாங்கி' என்னும் நாவலை இயற்றிய த. சரவணமுத்துப்பிள்ளை இவ்வூரினர், சென்னையிற் கீழைத்தேயச் சுவடிகளைக் காக்கும் நூலகத்திற் பணியாற்றியவர்.

படியின் பெருமையை எடுத்துக்காட்டக் கோணமாமலையிலேயே ஒரு சான்று நிற்கிறது. பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா கோணேசர் ஆலயத்தை இடித்து, அக்கற்களைக் கொண்டு கோட்டை கட்டினான். அங்கிருந்த கல்வெட்டொன்றின் படி போர்த்துக்கல் நாட்டுக்கு அனுப்பப்பட்டது. இன்று பிரெடரிக் கோட்டை வாயிலில் மீன் இலச்சினையோடு சிதைந்த எழுத்துகள் சில எஞ்சியிருக்கின்றன. சிதைவினிடையே விட்டுப்போனவற்றை உய்த்துணர முயல்வோர்க்குக் கடல் கடந்து போன அந்தப் படியே துணை. இடித்தவனே படியையும் அனுப்பி வைத்தான் என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

மறுபக்கமும் உண்டு. 1981ஆம் ஆண்டு மே மாத இறுதி இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அச்சு நூல்களுட் பலவற்றிற்கு வேறிடத்தில் வேறு படிகள் இருந்தன. படியில்லாத சுவடிகளோ அன்றோடு மறைந்தன. 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள் ஆழிப்பேரலை திருகோணமலைக் கரையோரத்து வீடுகளுட் புகுந்தபோது, உயிர் தப்பியோர் பலருக்குத் திருமணப் படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அதற்கு முன்னரும் போரினால் இடம்பெயர்ந்து, உடுத்த உடையோடு வெளியேறியவர்கள் பலர். இவற்றையெல்லாம் கண்ட ஒரு மாவட்டத்தில், ஒரே ஒரு வட்டை ஒரே ஓர் அலுமாரியில் வைத்திருப்பது துணிச்சலான காரியம் என்றே சொல்லவேண்டும்.

இனி, இறுவட்டு ஏன் கெடுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். அதன் குறுக்களவு 12 சென்ரிமீற்றர், தடிப்பு 1.2 மில்லிமீற்றர். டிவிடி என்பது 0.6 மில்லிமீற்றர் தடிப்புள்ள இரண்டு தகடுகளை ஒட்டிச் செய்தது. கடையிற் பதித்து விற்கும் திரைப்பட வட்டில் செய்தி சிறு பள்ளங்களாக அச்சிடப்பட்டிருக்கும். வீட்டு வட்டோ அவ்வாறன்று. அதனுள்ளே ஒரு சாயப் படலம் இருக்கிறது. எழுதும் கருவியின் லேசர்க் கதிர் அச்சாயத்தை இடையிடையே மாற்றிச் செல்கிறது. அம்மாற்றமே படமும் குரலும் ஆகிறது. வெயிலிற் காயும் துணி சாயம் போவதுபோல இதுவும் சாயம் போகும். வெப்பமும் ஈரமும் அதனை விரைவுபடுத்தும். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் திருகோணமலையிற் சுவரே வியர்க்கிறது. அலுமாரிக்குள் இருக்கும் வட்டு மட்டும் தப்புமா? மத்திய அமெரிக்காவிலுள்ள பெலீஸ் என்னும் வெப்ப நாட்டிலிருந்து வந்த குறுவட்டொன்றைப் பூஞ்சணம் அரித்திருந்ததை ஸ்பானிய அறிஞர்கள் 2001இற் கண்டறிந்தனர். ஓலைக்குச் செல் எப்படியோ, வட்டுக்கும் அப்படி ஒன்று உண்டு போலும்.

இதிற் பொல்லாதது, கேடு தொடக்கத்தில் வெளித் தெரியாமையே. வட்டில் எழுதப்படும் செய்தியோடு, பிழைபட்டால் திருத்திக்கொள்வதற்கான உபரிக் குறிகளும் சேர்த்தே எழுதப்படுகின்றன. கீறல்கள் சிலவாயிருக்கும்வரை, இயக்கி அக்குறிகளைக் கொண்டு கணக்கிட்டு விடுபட்டதை நிரப்பிக்கொள்ளும். பார்ப்பவர் ஒன்றும் அறியார். பிழைகள் அளவை மீறும் நாளிலேதான் படம் திடீரென உடைகிறது. அதாவது, திணறல் தொடங்கிய வட்டு நேற்று நோயுற்றது அன்று. பல ஆண்டுகளாக நோயை மறைத்து வந்தது. ஆகவே 'நன்றாகத்தானே ஓடுகிறது' என்று ஆறியிருத்தல் தகாது.

ஓலைப்படிக்கும் கணினிப்படிக்கும் ஒரு பெரும் வேற்றுமை உண்டு. ஏடெழுதுவோன் கண் சோர்ந்தால் ஓரெழுத்துக்கு மற்றோரெழுத்து விழும். பழைய ஒளிநாடாவிலும் அப்படியே. நாடாவிலிருந்து நாடாவுக்கு மாற்றுந்தோறும் நிறம் மங்கும், கோடு கலங்கும். கணினியோ இலக்கங்களைப் படியெடுக்கிறது. நூறாவது படியும் முதற் படியும் ஒன்றே. ஆனால் இது வட்டிலுள்ள கோப்புகளை உள்ளவாறே எடுக்கும்போதுதான் உண்மை. இடத்தை மிச்சப்படுத்தும் பொருட்டுப் படத்தைச் சுருக்கி வேறு வடிவாக மாற்றுவாரும் உளர். அவ்வாறு மாற்றியதை உறவினர்க்குக் கைத்தொலைபேசியில் அனுப்பலாம். காப்புப் படி என்று அதனைக் கொள்ளலாகாது. சுருக்கும்போது உதிர்ந்தது மீண்டும் வராது.

தாயாரின் வட்டுக்கு வருவோம். மகனுடைய மடிக்கணினியில் வட்டு இடும் வாயில் இல்லை. புதிய கணினிகளிற் பெரும்பாலானவற்றில் இல்லை. யூஎஸ்பி வடத்தால் இணைக்கும் வெளி இயக்கியொன்றை அவன் இரவல் வாங்கி வருகிறான். முதலில் வட்டைத் துடைக்க வேண்டும். மென்மையான பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைத்தலே முறை. சுற்றிச் சுற்றித் துடைக்கலாகாது. காரணம் எளிது. செய்தி வட்டச் சுருளாக எழுதப்பட்டிருக்கிறது. துடைக்கையிற் கீறல் விழுந்தாலும், குறுக்கே விழுந்த கீறல் ஒவ்வொரு சுற்றிலும் சிறிதளவையே கெடுக்கும். அதனைப் பிழைதிருத்தக் குறிகள் ஈடுசெய்யும். சுருளோடு ஒட்டி ஓடும் கீறலோ ஓரிடத்தையே முழுவதும் கெடுத்துவிடும். அமெரிக்கத் தேசியத் தர, தொழினுட்ப நிறுவகம் 2003இல் வெளியிட்ட வழிகாட்டியிலும் இவ்வாறே சொல்லப்பட்டிருக்கிறது. கண்ணாடி துடைக்கும் திரவமும் பற்பசையும் வேண்டாம்.

வட்டைத் திறந்தால் 'வீடியோ டிஎஸ்' என்ற கோப்புறை தோன்றும். அதற்குள்ளே விஓபி என முடியும் பெரிய கோப்புகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு ஜிகாபைட்டுக்கு மேற்படாதபடி துண்டாக்கப்பட்டிருக்கும். படமும் ஒலியும் இவற்றிலே உள்ளன. ஐஎஃப்ஓ என முடியும் சிறு கோப்புகள் எந்தக் காட்சி எங்கே தொடங்குகிறது என்று சொல்பவை. அவற்றின் பக்கத்திலே பியூபி என முடியும் கோப்புகள் இருக்கும். இவை ஐஎஃப்ஓ கோப்புகளின் மறுபடிகள்! வட்டை வகுத்தவர்களே அதற்குள் ஒரு காப்புப் படியை வைத்துத்தான் தந்திருக்கிறார்கள், வீட்டுக்காரர்தான் வைத்துக்கொள்ளவில்லை.

இக்கோப்புறையை அப்படியே வன்தட்டுக்கு இழுத்துவிடுவது ஒரு வழி. வட்டு முழுவதையும் 'ஐஎஸ்ஓ' என்னும் ஒரே கோப்பாக, ஓலைக்கட்டைக் கயிற்றோடு எடுப்பதுபோல எடுப்பது அதனினும் நன்று. இதற்கென இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள்கள் உள. விஎல்சி போன்ற இயக்கிகள் அக்கோப்பை வட்டைப் போலவே ஓட்டிக் காட்டும். ஒருபடல டிவிடி ஒன்றின் கொள்ளளவு 4.7 ஜிகாபைட் என்று உறையில் எழுதியிருக்கும், கணினியோ 4.37 என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சினப்போரும் உண்டு. உறையில் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், கணினி 1,024 ஆக எண்ணுகிறது, குறைவு ஒன்றுமில்லை. ஆனால் இவ்வளவுள்ள ஒரே கோப்பைப் பழைய 'ஃபாட் 32' முறையில் ஒழுங்கு செய்த பென் டிரைவில் இட முடியாது. அம்முறை 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட தனிக்கோப்பை ஏற்காது. 'எக்ஸ்ஃபாட்' முறைக்கு மாற்றிக்கொண்டால் ஏற்கும். இந்தச் சிறு தடையை அறியாமல் வட்டுக் கெட்டுவிட்டதென்று கைவிட்டோர் பலராதல் கூடும்.

நோயுற்ற வட்டுக்கு வேறு சிகிச்சை வேண்டும். சாதாரணமாகப் படியெடுக்கும்போது கணினி கெட்ட இடத்தில் வந்து முட்டி, மீண்டும் மீண்டும் முயன்று, ஈற்றில் முழு வேலையையும் விட்டுவிடும். 'டிடி ரெஸ்கியூ' என்னும் மென்பொருள் மதியுள்ள அறுவடைக்காரனைப் போன்றது. முதலில் நல்ல இடங்களையெல்லாம் அள்ளிக்கொள்ளும். கெட்ட இடங்களைத் தாண்டிச் செல்லும். எவை எடுத்தாயின, எவை எஞ்சின என்று ஒரு குறிப்பும் எழுதிவைக்கும். பிறகு எஞ்சியவற்றுக்கு மட்டும் திரும்பி வந்து சிறு சிறு துண்டாக முயலும். அக்குறிப்பு இருப்பதனால், இயக்கியை மாற்றி வேறோர் இயக்கியிலும் தொடரலாம். ஓர் இயக்கி வாசிக்க மாட்டாததை மற்றொன்று வாசிப்பதுண்டு. மகன் ஓரிரவு முழுதும் அதனை ஓடவிடுகிறான். காலையில், நான்கரை ஜிகாபைட்டில் எஞ்சிய கேடு மிகச் சிறிது. ஓட்டிப் பார்க்கிறார்கள். முப்பத்தேழாம் நிமிடத்தில் மணமகளின் தலை இன்னும் சதுரமாக உடைகிறது; மேடையின் ஒரு பக்கம் கலங்குகிறது. குரல் வருகிறது. ஒரு சொல்லின் நடுவே மட்டும் சிறு வெட்டு. அச்சொல் இன்னதென்று தாயார் உடனே சொல்லிவிடுகிறார்.

விசிடி என்னும் பழைய வகைக்கு இம்முறை அப்படியே பொருந்தாது. 1993இல் வகுக்கப்பட்ட அவ்வட்டிற் படம் 'டாட்' என முடியும் கோப்பாக இருக்கும். அதிக நேரம் அடக்க வேண்டிப் படப்பகுதியிற் பிழைதிருத்தக் குறிகளுள் ஒரு படியைக் குறைத்துவிட்டார்கள். அதனால் டிவிடியினும் இது எளிதிற் கெடும். இழுத்துவிடும்போதே கணினி பிழை என்று நின்றுவிடுவதும் உண்டு. இதற்கு 'ஐஎஸ்ஓ' ஆகாது. வட்டின் மூலக் கூறுகளை உள்ளவாறே எடுக்கும் 'பின்', 'கியூ' என்ற இணைக்கோப்புகளாக எடுக்க வேண்டும். இலங்கையில் ஒரு காலத்திற் கலியாண வீடியோக்கள் பெரிதும் விசிடியாகவே கொடுக்கப்பட்டன. ஆகவே வீட்டில் இரண்டும் இருந்தால் முதலில் விசிடியையே எடுக்க. சிறு ஒளிப்பதிவுக் கருவிகளில் இட்ட 8 சென்ரிமீற்றர் வட்டுகளுக்கு வேறோர் இடர். பதிவை முடித்து மூடாத வட்டைக் கணினி வெற்று வட்டு என்றே காட்டும். அதனை எழுதிய அதே கருவியில் இட்டு மூட வேண்டும். கருவியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டால் மீட்பது கடினம். கருவியைக் கொடுக்குமுன் வட்டைப் பார்த்துக்கொள்வது நன்று.

கடையில் வாங்கிய திரைப்பட வட்டுகள் வேறு வழக்கைச் சேர்ந்தவை. அவற்றிற் பூட்டு இடப்பட்டிருக்கும். அப்பூட்டைத் திறத்தல் பற்றி நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடும். அவை தொலைந்தாலும் உலகில் வேறிடத்தில் இருக்கும். வீட்டு வட்டுக்குப் பூட்டும் இல்லை, வேறிடமும் இல்லை.

படி எடுத்தபின் அது சரியானதா என்று அறிதல் வேண்டும். ஏட்டை இருவர் அமர்ந்து, ஒருவர் வாசிக்க மற்றவர் ஒப்புநோக்குவர். கணினியில் இதற்குச் 'சரிபார்ப்புத் தொகை' என்று ஒரு முறை உண்டு. ஒரு கோப்பு முழுவதையும் கணக்கிட்டு அறுபத்துநான்கு குறிகள் கொண்ட ஒரு வரியாக அது தரும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அவ்வரி முற்றும் மாறிவிடும். அதனைக் கோப்போடு எழுதி வைத்தால், ஐந்தாண்டு கழித்து மீண்டும் கணக்கிட்டு ஒப்பிடலாம். வன்தட்டும் சாவாவரம் பெற்றதன்று என்பதை மறத்தலாகாது. ஓராயிரம் ஜிகாபைட் கொண்ட வன்தட்டொன்றில் இருநூறு டிவிடிகள் அடங்கும். கைதவறி விழுந்தால் இருநூறும் ஒருங்கே போம். ஆதலால் மூன்று படிகள் வேண்டும், அவை இருவேறு வகைப் பொருளில் இருக்க வேண்டும், ஒன்று வேற்றூரில் இருக்க வேண்டும் என்பது இத்துறையினர் கூறும் விதி.

இவ்விதியின் கடைசிப் பகுதி திருகோணமலையார்க்கு எளிது. மட்டக்களப்பிலோ கொழும்பிலோ தொரொன்ரோவிலோ இலண்டனிலோ உறவினர் இல்லாத வீடு அரிது. வருத்தத்தால் வந்த பிரிவுதான்; ஆயினும் படி வைக்க இதைவிடச் சிறந்த ஏற்பாட்டை எவரும் திட்டமிட்டுச் செய்திருக்க முடியாது. பொதுவாழ்வுக்குப் பயன்படும் பதிவுகளாயின் — கூத்து, கோயில் விழா, பள்ளி நாடகம், மறைந்த ஊர்ப் பெரியார் ஒருவரின் உரை — அவற்றை வீட்டோடு நிறுத்தவேண்டுவதில்லை. 2005இல் தன்னார்வலர்களால் தொடங்கப்பெற்ற நூலகம் திட்டம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிமமாக்கிப் பொதுவில் வைப்பதோடு, ஒலி ஒளிப் பதிவுகளையும் சேர்த்து வருகிறது.

பெயரிடுதலில் ஒரு சொல். 'புதிய கோப்புறை இரண்டு' என்று பெயரிட்ட படி, தலைப்பேடு இழந்த சுவடிக்கு ஒப்பாகும். ஆண்டு, நிகழ்ச்சி, ஊர் என்ற ஒழுங்கில் எழுதுவது நலம். படத்தில் இருப்பவர்கள் யார் யார் என்பதை எந்த மென்பொருளும் சொல்லாது. அறிந்தவர் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

பாலையூற்று வீட்டில் அன்று மாலை அதுதான் நடக்கிறது. மகன் படத்தை நிறுத்தி நிறுத்திக் கேட்கிறான். தாயார் பெயர் சொல்லச் சொல்லப் பேத்தி பள்ளிக் கொப்பியில் நிமிடத்தையும் பெயரையும் எழுதுகிறாள். பன்னிரண்டாம் நிமிடத்தில் சமையற்கட்டின் வாயிலில் நிற்பவர் பெரியம்மா. இருபதாம் நிமிடத்திற் குடை பிடிப்பவர் சின்ன மாமா. முப்பத்தெட்டாம் நிமிடத்தில், கணவர் பேசி முடிக்கும்போது அவருடைய தோளைத் தொட்டு ஏதோ சொல்லிச் சிரிக்கும் வெள்ளைச் சட்டைக்காரர் யார் என்பது மட்டும் தாயாருக்கு நினைவு வரவில்லை. அவ்வரியை வெறுமையாக விட்டுவிட்டு, தொரொன்ரோவில் விடியும் நேரம் பார்த்து மூத்த மைத்துனரைக் கேட்கலாம் என்று கொப்பியை மூடி வைக்கிறார்கள்.